தம்பியின் அவசரமும் என் பயமும் நோயா?

கேள்வி: நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 34. தம்பிக்கு 27. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மூன்று வருடத்தில் இது ஐந்தாவது கம்பெனி. பாசக்காரன், ஆனால் எதிலும் அவசரம். போன தீபாவளிக்கு ஓவர்டைம் பணத்தில் அம்மாவுக்கு மோதிரம் வாங்கிப் போட்டான். மூன்றாம் நாள் காதலியோடு சண்டை. அதே மோதிரத்தை அம்மாவிடம் கெஞ்சி வாங்கி அடகு வைத்து அவளுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தான். அவள் போனை எடுக்காவிட்டால் "செத்துடுவேன்" என்று மெசேஜ் போடுகிறான். ஒருமுறை கையைக் காயப்படுத்திக்கொண்டான். நான் அவனுக்கு நேர்மாறு. துணைத் தலைமையாசிரியர் பதவிக்கான விண்ணப்பப் பாரம் டிராயரிலேயே கிடக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் முதல்நாளே வயிறு கலங்கிவிடும். இணையத்தில் பிஐஎஸ்–பிஏஎஸ் (தயக்கம், நாட்டம் இரண்டையும் அளப்பது) என்ற சோதனையை இருவரும் செய்து பார்த்தோம். அவனுக்கு இரண்டும் அதிகம். எனக்கு முதலாவது அதிகம், இரண்டாவது குறைவு. இதை வைத்து அவனுக்கு பார்டர்லைன் (உணர்ச்சியும் உறவும் நிலைகொள்ளாத ஆளுமைக் கோளாறு), எனக்குத் தவிர்ப்பு ஆளுமைக் கோளாறு (பயந்து ஒதுங்குவது) என்று அந்தப் பக்கம் காட்டியது. இது அப்பாவின் ரத்தமா? அப்பா வெளியில் வாயே திறக்க மாட்டார், குடித்துவிட்டு வந்தால் வீட்டில் சட்டி பானை பறக்கும். தம்பி சின்ன வயதில் அழுதால் இன்னும் இரண்டு அடி விழும். நான் அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். தம்பியை டாக்டரிடம் காட்டலாம் என்றால் அம்மா, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்பப் போறே?" என்று அந்த ஊர் மனநல மருத்துவமனையை நினைத்து அழுகிறார். நான் என்ன செய்வது, டாக்டர்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி கையைக் காயப்படுத்திக்கொண்டதை நடுவில் ஒரே வரியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுபாவம், கோளாறு, சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

"சும்மா மிரட்டுறான்" என்று வீட்டில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்ட ஒருவர் "செத்துடுவேன்" என்றால் அதை மெய்யாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் சற்று அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து நேராகக் கேளுங்கள்: "தம்பி, சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பெரும்பாலும், கேட்டதற்காகவே ஒரு பெருமூச்சு வரும். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். ஆபத்து கண்ணெதிரே என்றால் 999. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, அல்லது கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. இன்னொன்றும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 309 நம் நாட்டில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இனி அந்தப் பயம் வேண்டியதில்லை.

இப்போது உங்கள் சோதனைக்கு வருகிறேன். நான் மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை, மருத்துவ உளவியலாளர். இந்த மாதிரிச் சோதனைகள் என் அன்றாட வேலை. நீங்கள் செய்தது 1994இல் சார்ல்ஸ் கார்வர், டெரி வைட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. மொத்தம் 24 கேள்விகள், அதில் நான்கு கணக்கில் சேராது. ஆராய்ச்சியில் இன்றும் பயன்படும் நல்ல கருவிதான். ஆனால் "இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் நோய்" என்ற எல்லைக்கோடு அதில் கிடையாது. அதை வைத்து உங்கள் இருவருக்கும் கோளாறின் பெயரைச் சூட்டியது அந்த இணையப் பக்கத்தின் துணிச்சல். அதை நான் கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சோதனைக்கு அடித்தளம், ஜெஃப்ரி கிரே என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1970 முதல் வளர்த்தெடுத்த கொள்கை. மனிதரையும் விலங்கையும் செயலுக்குத் தள்ளும் அமைப்புகள் மூளையில் தனித்தனியாக இருக்கின்றன என்றார். ஒன்று நாட்டம்: பிடித்தது கண்ணில் பட்டதும் "போ, எடு" என்று உந்துவது. டோபமின் என்ற மூளை ரசாயனத்தோடு சேர்ந்து ஓடுவது இது. இதைத்தான் பிஏஎஸ் என்கிறார்கள். இன்னொன்று தயக்கம்: "நில், பார்" என்பது. இது பிஐஎஸ்.

தயக்கத்தைப் பயம் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறோம். கிரேயும் நீல் மெக்நாட்டனும் 2000இல் கொள்கையைத் திருத்தி எழுதியபோது இரண்டையும் பிரித்தார்கள். நாய் துரத்தினால் ஓடுகிறோமே, அது பயம். அதற்குத் தனி அமைப்பு உண்டு. தயக்க அமைப்பு விழிப்பது, ஆசையும் பயமும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் இழுக்கும்போது. நீங்கள் சொன்ன கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சித்தி பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள், பார்க்க ஆசை. அங்கேயே "இன்னும் உனக்கு ஒண்ணும் அமையலையா?" என்று கேட்க ஒரு பெரியம்மாவும் இருக்கிறார். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றாமல், கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நிற்கிறோம் அல்லவா? போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. மனசு அதற்குள் நூறு தடவை உள்ளே போய் வந்துவிடுகிறது. வயிறு கலங்குகிறது. அந்த நிற்றல்தான் பிஐஎஸ். ஆசையே இல்லாதிருந்தால் நீங்கள் வாசல்வரை வந்திருக்கவே மாட்டீர்கள்.

தம்பியின் விஷயம் வேறு. அவனுக்கு இரண்டுமே அதிகம் என்று வந்ததை நீங்கள் முரண்பாடாகப் பார்த்திருக்கலாம். முரண்பாடு இல்லை. பார்டர்லைன் எனப்படும் நிலையில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்த இணைப்பு அடிக்கடி வருகிறது: அச்சுறுத்தலுக்குக் கூர்மையான மனசு, கூடவே யோசிக்காமல் பாயும் நாட்டம். அவனுக்கு அந்தப் பெண்ணின் அருகாமைதான் உலகத்திலேயே பெரிய பரிசு. அவள் விட்டுப் போய்விடுவாள் என்பதுதான் உலகத்திலேயே பெரிய ஆபத்து. பரிசும் ஆபத்தும் ஒரே முகத்தில். போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அவள் எடுக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு அமைப்பும் ஒன்றாக எரிகின்றன. அந்த வெக்கையில்தான் மோதிரம் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. அம்மாவின் மேல் பாசம் இல்லாமல் போனதால் என்று நினைக்காதீர்கள்.

மற்ற கோளாறுகளோடும் இந்த அமைப்புகளுக்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். தயக்கம் மிகுந்து நாட்டம் மெலிந்திருப்பது தவிர்ப்பு வகைப் பண்புகளோடு போகிறது. தண்டனைக்கு மனசு அசையாமல் நாட்டம் மட்டும் ஓங்கி நிற்பது சமூக விரோதப் பண்புகளோடு. தன்முனைப்பு மிகுந்தவர்களிடம் பெரும்பாலும் நாட்டம் பலம். ஆனால் இவை பெருங்கூட்டத்தின் சராசரியில் தெரியும் சாய்வுகள். தனி ஒருவருடைய மதிப்பெண்ணைப் பார்த்துக் கோளாறைச் சொல்லவே முடியாது. உங்களைப் போலத் தயக்கம் மிகுந்த எத்தனையோ பேர் கணக்காளராக, தாதியாக, ஆசிரியையாக நன்றாக வாழ்கிறார்கள். தம்பியைப் போல நாட்டம் மிகுந்தவர்கள் வியாபாரம் தொடங்கி நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார்கள்.

அப்படியானால் சுபாவம் கோளாறாவது எங்கே? என் வேலையில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

ராபர்ட் குளோனிங்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1993இல் சுபாவத்தையும் பண்பையும் பிரித்துக் காட்டினார். புதுமை தேடுவது, ஆபத்தைத் தவிர்ப்பது, பிறருடைய அன்புக்கு ஏங்குவது, விடாப்பிடி ஆகிய நான்கும் சுபாவம், பெரும்பாலும் பிறவியோடு வருபவை. தன் வாழ்க்கையைத் தானே நடத்தும் திறனும் பிறரோடு ஒத்துப்போகும் திறனும் பண்பு, வளர வளர வருபவை. ஒருவருக்கு ஆளுமைக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டுவது பண்பில் உள்ள குறைவு, அது எந்த நிறத்தில் வெளிப்படும் என்பதைக் காட்டுவது சுபாவம் என்றார். இன்றைய வகைப்பாடும் அந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு, ஆளுமைக் கோளாறுகளின் பழைய பெயர்ப்பட்டியலைக் கைவிட்டுவிட்டது. இப்போது முதல் கேள்வி: தன்னைப் பற்றிய உணர்வும் உறவுகளும் எவ்வளவு சேதப்பட்டிருக்கின்றன, இலேசாகவா, நடுத்தரமாகவா, கடுமையாகவா? எந்த வகைப் பண்பு மேலோங்கி நிற்கிறது என்பது அதற்குப் பிறகுதான். பார்டர்லைன் என்பதை மட்டும் கூடுதல் குறிப்பாக வைத்திருக்கிறார்கள்.

ஆகவே தம்பி எவ்வளவு அவசரக்காரன் என்பதைவிட, சண்டை முடிந்த மறுநாள் அவன் யாராக எழுந்திருக்கிறான் என்பதைத்தான் நான் கேட்பேன். மோதிரத்தை நினைத்து வருந்துகிறானா, அல்லது எல்லாவற்றுக்கும் அவளே காரணம் என்கிறானா? நேற்றுத் தெய்வமாக இருந்தவள் இன்று பேயாகிவிடுகிறாளா? இது பதின்ம வயதிலிருந்தே, எல்லா உறவிலும் இப்படியா, இந்தக் காதலில் மட்டுமா? ஐந்து கம்பெனி மாறியது சண்டையாலா, சம்பளத்துக்காகவா? பாயான் லெப்பாஸில் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கிடைத்தால் ஆள் மாறுவது சாதாரணம், அதை நோயென்று சொல்ல மாட்டேன். உங்களையும் அதே கேள்வியால்தான் பார்ப்பேன். பதவிக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறீர்கள், ஆனால் நாள்தோறும் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துகிறீர்கள், வீட்டைத் தாங்குகிறீர்கள், தம்பிக்காக இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோயறிதல் சொல்வது தவறு. ஆனால் உங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. தம்பியைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

அப்பாவின் ரத்தமா என்று கேட்டீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, மனிதருக்கு மனிதர் சுபாவம் வேறுபடுவதில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு மரபணுவால். அப்படியென்றால் மீதி வேறு எங்கிருந்தோ வருகிறது. உங்கள் வீட்டில் அந்த மீதி எப்படி இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: அழுதால் இன்னும் இரண்டு அடி. பார்டர்லைன் நிலைக்கு டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினெஹான் சொன்னது இதுதான்: பிறவியிலேயே உணர்ச்சி கூர்மையான பிள்ளை, அந்த உணர்ச்சியைப் பொய்யென்றும் நடிப்பென்றும் அடக்கும் வீட்டில் வளர்ந்தால், தன் மனசைத் தானே தணிக்கக் கற்றுக்கொள்வதில்லை. சத்தம் போட்டால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று கற்றுக்கொள்கிறது. அவரே இளம் வயதில் இதே வேதனையோடு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே வீட்டில் தயக்கம் மிகுந்த பிள்ளை மௌனத்தைக் கற்றுக்கொண்டது.

அப்பாவைப் பற்றி இன்னொரு செய்தி. கிரே தன் கொள்கையை எட்டியதே, மனப்பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் எலிகளின் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்துத்தான். அவற்றில் மதுவும் ஒன்று. தயக்க அமைப்பின் பிடியை மது தளர்த்திவிடுகிறது. வெளியில் வாய் திறக்காத மனிதர், குடித்தால் மட்டும் வெடிப்பார் என்றால், அவர் சுபாவத்தில் தம்பியைவிட உங்களுக்கு நெருக்கமானவராகக்கூட இருந்திருக்கலாம். அடித்தது அடித்ததுதான், இதனால் அது நியாயமாகிவிடாது. ஆனால் "தம்பி அப்பா மாதிரியே" என்று வீட்டில் சொல்லும் வழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சுபாவம் ஓரளவு அப்படியே இருக்கும், ஆனால் அதைப் பிடித்து நிறுத்தும் திறன் வளரக்கூடியது. மேரி ராத்பார்ட் என்ற உளவியலாளர் இதை முயன்று கட்டுப்படுத்தும் திறன் என்றார். குழந்தைப் பருவத்தில் முளைத்து இருபதுகள்வரை முதிர்ந்துகொண்டிருப்பது. தூக்கம் கெட்டால் முதலில் ஆட்டம் காண்பதும் அதுதான். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று உடம்பு நிலைகொள்ளாமல் சுற்றுகிறவனிடம் காலை ஏழு மணிக்குப் புத்தி சொல்லாதீர்கள். அவன் தூங்கி எழட்டும்.

எப்படிப் பேசுவது என்பதற்கு எனக்குப் பிடித்த பரிசோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஜோசப் நியூமனும் அவரோடு இருந்தவர்களும் 1987இல் சிறைக் கைதிகளிடம் செய்தது. ஒவ்வொரு சீட்டாகப் புரட்ட வேண்டும். தொடக்கத்தில் பத்துக்கு ஒன்பது சீட்டு பணம் தரும். போகப்போக ஜெயிப்பது குறைந்து தோல்வியே மிஞ்சும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். சைக்கோபதி எனப்படும், இரக்கமும் குற்ற உணர்வும் குறைந்த பண்பு மிகுந்தவர்கள், கையிலிருந்த காசு கரைந்துகொண்டே போனாலும் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு, இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டி, அடுத்த சீட்டுக்கு முன் ஐந்து விநாடி காத்திருக்க வைத்தார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே நேரத்தோடு நிறுத்திவிட்டார்கள். தம்பி அந்த வகை என்று நான் சொல்லவில்லை. நாட்டம் பொங்கி நிற்கும் நேரத்தில் மிரட்டல் உள்ளே இறங்காது, இடைவெளி இறங்கும் என்பதற்காகச் சொல்கிறேன். "இப்படியே போனா நடுத்தெருவுல நிப்பே" என்ற வாக்கியத்தை எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பீர்கள்! அதற்குப் பதிலாக, அவன் நல்ல மனநிலையில் இருக்கும்போது அவனோடு சேர்ந்தே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். நூறு வெள்ளிக்கு மேல் எதை வாங்குவதானாலும் விற்பதானாலும் ஒரு இரவு தாண்ட வேண்டும். அவள் போனை எடுக்கவில்லை என்றால் அடுத்த மெசேஜுக்கு முன் அக்காவுக்கு ஒரு போன். அதை அவன் ஒருமுறை செய்தாலும் அன்றைக்கே பாராட்டிவிடுங்கள். நாட்ட அமைப்புக்கு அடுத்த மாதப் பாராட்டு கேட்காது.

டாக்டரிடம் அழைத்துப் போவதும் அப்படித்தான். "உனக்கு ஆளுமைக் கோளாறு, வா" என்றால் யார் வருவார்? நானும் வரமாட்டேன். அவனுக்கு எது வேண்டும் என்று பாருங்கள். நல்ல தூக்கம், இந்த வேலையாவது நிலைப்பது, அவளோடு சண்டை குறைவது. அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இருக்கும் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து செபராங் ஜெயா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். டிபிடி தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பார்டர்லைனுக்கென்றே தனி மருந்து கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ தரலாம். முக்கியமான வேலை பேச்சுச் சிகிச்சையில்தான். தனியார் ஆலோசகரிடம் போவதானால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை.

அம்மாவின் கண்ணீர் எனக்குப் புரிகிறது. 1911இல் பேராக்கில் தொடங்கிய ஒரு மருத்துவமனையால், அந்த ஊரின் பெயரே நம் மக்களிடையே வசைச்சொல் ஆகிவிட்டது. இன்று இந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் யாரையும் அங்கே அனுப்புவதில்லை, வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வீட்டுக்கு வருவதுதான். அம்மாவிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் 1992 முதல் 290 பார்டர்லைன் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டுக்குள் 93 விழுக்காட்டினர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அறிகுறி தணிந்து இருந்தார்கள். வேலை, உறவு எல்லாம் சேர்ந்து முழுதாகத் தேறியவர்கள் பாதிப் பேர். அந்தப் பாதியையும் நான் மறைக்க விரும்பவில்லை. அறிகுறி போன பிறகும் வாழ்க்கையைக் கட்டியெழுப்ப உதவி தேவைப்படுகிறது.

கடைசியாக உங்களைப் பற்றி. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளைப் பார்த்து, ஐந்தில் ஒன்று புதியதைக் கண்டால் அதிகம் பதறுவதைக் கண்டார். அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தபோது பலர் கூச்சம் மிகுந்தவர்களாக ஆகவில்லை. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைக்காமல், மெல்ல மெல்ல முன்னே தள்ளிய வீடுகள் அதற்கு உதவின. உங்களை யாரும் அப்படித் தள்ளவில்லை. இனி நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும், அதுவும் சின்னச் சின்னப் படியாக. இந்த வாரம் பாரத்தை டிராயரிலிருந்து எடுத்து மேசைமேல் வையுங்கள், எழுத வேண்டாம். அடுத்த வாரம் பெயரும் அடையாள அட்டை எண்ணும் மட்டும். மூன்றாம் வாரம், நீங்கள் நம்பும் ஒரு சக ஆசிரியரிடம் காட்டுங்கள். வயிறு கலங்கத்தான் செய்யும். கலங்கிக்கொண்டே எழுதலாம்.

உங்கள் கடிதத்தின் மேல் பிப்ரவரித் தேதி இருக்கிறது. என் கைக்கு வந்தது மே மாதம். மூன்று மாதம் அதுவும் டிராயரில் கிடந்திருக்க வேண்டும். ஆனாலும் அனுப்பிவிட்டீர்கள்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் தம்பியின் ஷிப்ட் அட்டவணையைக் கொண்டு போங்கள். கடைசி இரண்டு மாதத்தில் எந்தெந்த நாள் சண்டை, எந்தெந்த நாள் இரவு வேலை என்று அதன் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். முதல் சந்திப்பில் நாங்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லிவிடும்.